அக்மாயாவின் ரத்தத் தணிக்கை

ஓர் ஒட்டகத்தின் ரத்தத்தையே தணிக்கை செய்த முதல் குழு என்ற பெருமை, அல்மாத்தியில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த சிக்கனக் குழுவையே சேரும். நிலைய எழுத்தர் என்ற முறையில் அந்தப் பொன்னாளை நேரில் கண்டவன் நான்.

குழுத் தலைவர் துலெகென். மரியாதையாகத் 'தோகே' என்போம். தொப்பியைக் கழற்றாமலே விசாரணையைத் தொடங்கினார். எதிரே டாக்டர் கர்லிகாஷ். அக்மாயா என்ற வெள்ளை ஒட்டகத்தின் ரத்தத்திலிருந்து, கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை எட்டு வருடமாகப் பிரித்துச் சேர்த்தவர்.

"எத்தனை வகை வெச்சிருக்கே, தங்கச்சி?"

"பத்துக் கோடி இருக்கும், தோகே."

"ஊர்ல எத்தனை நோய் இருக்கு?"

"தெரிஞ்சது சில ஆயிரம்."

"மிச்சமெல்லாம்?"

"இன்னும் வராத நோய்க்கு."

"வராத விருந்தாளிக்கு எவனாவது ஆடு வெட்டுவானா?"

குழு சிரித்தது. நானும் சிரித்தேன். பணி விதி.

"இதையெல்லாம் எப்படித் தயாரிக்குது?"

"மரபணுத் துண்டுகளை உடம்பு சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டு ஒட்டுது. கிருமி வந்ததும், நகலெடுக்கறப்ப வேணும்னே எழுத்துப் பிழை விடுது. எந்தப் பிழை கிருமியை இறுக்கிப் பிடிக்குதோ, அதைப் பெருக்கிக்குது."

"யார் அனுமதி கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல. கோடிக்கணக்கான வருஷமா இப்படித்தான்."

"அதாவது, கோடிக்கணக்கான வருஷமா முறைகேடு."

என்னைப் பார்த்தார். குறித்துக்கொண்டேன்.

அடுத்துதான் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். சுவரிலிருந்த படத்தில் அவர் விரல் நின்றது.

"மனுஷனோட எதிர்ப்பொருள்ல கனமான சங்கிலி, லேசான சங்கிலி ரெண்டும் இருக்கு. ஒட்டகத்தோடதுல லேசானதைக் காணோமே. யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல, தோகே. ஒட்டகத்தோட எதிர்ப்பொருள்ல ஒரு பகுதி பிறவியிலேயே லேசான சங்கிலி இல்லாம வரும். சின்னதா இருக்கறதாலதான் மத்தது நுழையாத இடுக்குல அது நுழையுது."

"மாட்டிக்கிட்டவன் எல்லாரும் இப்படித்தான் கதை சொல்வான்."

தீர்ப்பு பத்தே நிமிடத்தில் தயார். 'அரைகுறைப் பொருள் உற்பத்தி செய்த' அக்மாயா பணிநீக்கம். இனி ஒப்புதல் பெற்ற ஒரே ஒரு வகை மட்டும் தயாரிக்கப்படும்.

கர்லிகாஷின் குரல் இறங்கியது. "ஒட்டகத்தையாவது எங்கிட்ட விட்டுடுங்க. தீனி என் பொறுப்பு. அது இன்னும் புதுசு புதுசா கத்துக்கிட்டிருக்கு."

"அதான் தங்கச்சி பிரச்சினையே."

மறுநாள் மதியம் குழுவுக்கு வழியனுப்பு விருந்து. அகலத் தட்டில் வேகவைத்த மாவுத் தகடுகள், மேலே மலை போல இறைச்சி. என்ன இறைச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் நிர்வாகம் அவ்வளவு வெளிப்படையானது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கதவருகே கர்லிகாஷ் வந்து நின்றார். கையில் வெறும் கயிறு.

"வெட்டச் சொன்னது யாரு?"

"நான் இல்ல," என்றார் தோகே, எலும்பை உறிஞ்சியபடி.

"நான் இல்ல," என்றார் பக்கத்தில் இருந்தவர். அப்படியே மேஜையைச் சுற்றி வந்து, கடைசியாக என்னிடம் நின்றது.

"நான் இல்ல," என்றேன்.

பதினோரு வாய், ஒரே பதில். இத்தனை ஒற்றுமையான நிலையத்தை இனி எந்த நோயாலும் அழிக்க முடியாது. அழிக்க எதையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.