தவளை டோட்டோவை ஃபோர்துனாதோ ஆக்கியது பற்றி

இலோயிலோ
ஞாயிறு, பூசை முடிந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு விவசாயக் கல்லூரி வகுப்பின் நினைவுமலர்ப் பதிப்பாசிரியர் திருமதி பெர்பெதுவா லகாஸ்கா அவர்களின் மேலான சமூகத்துக்கு,

தேவமாதா தயவில் இங்கே நானும் என் பல்செட்டும் சுகம். அங்கே தங்கள் முழங்காலும் தங்கள் ஒலிபெருக்கியும் சுகந்தானா என்று அறிய ஆவல். நிற்க.

போன மாதம் நம் ஐம்பதாம் ஆண்டு ஒன்றுகூடலில், இறந்துபோன இருபத்தாறு பேரின் பெயர்களைத் தாங்கள் வாசிக்க, நாங்கள் அவர்களுக்காக "உள்ளேன்" என்று குரல் கொடுத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம் அல்லவா? "ஃபோர்துனாதோ செராஃபின் அல்தெகேர்" என்று தாங்கள் வாசித்தபோது நான் பொரித்த லும்பியாச் சுருளைக் காடியில் முக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த நோனோயிடம் "யாருப்பா அது?" என்றேன். "யாரோ கால்நடைப் பிரிவு போல" என்றான். மரியாதைக்கு வாய்க்குள் ஒரு "உள்ளேன்" முனகிவிட்டு அடுத்த லும்பியாவை எடுத்தோம். மறுநாள், மூன்று வருஷமாக டாவோவில் மகள் வீட்டிலிருக்கும் தவளை டோட்டோவை, ஏண்டா வரலைன்னு திட்டலாம்னு போன் போட்டா, மகள் எடுத்து, "மாமா, அப்பா போய் நாலு மாசமாச்சே. நேத்து பேரு வாசிக்கலையா?" என்கிறாள். தவளைக்கு ஃபோர்துனாதோ என்றொரு பெயர் இருந்தது எனக்கு எப்படி அம்மணி தெரியும்? நாலு வருஷம் என்னோடு ஒரே பானைச் சோறு தின்றவன், பரீட்சைக்கு முதல்நாள் ஆய்வகத்துத் தவளைகள் நாற்பதையும் ஜன்னல் வழியே திறந்துவிட்டு நம் எல்லோரையும் காப்பாற்றியவன், அவன் செத்ததற்கு நான் லும்பியா தின்றேன். அன்று முழுக்க அழுதேன். பல்வலி என்று நினைத்து என் மனைவி கிராம்பு கொடுத்தாள், பல்லே இல்லாதவனுக்கு.

மலரில் பட்டப்பெயரையும் போடுங்கள் என்று தங்களிடம் கேட்டதற்குத் தாங்கள் போனில் சொன்னது: "நாம பட்டம் வாங்கினவங்கப்பா. பட்டப்பேரெல்லாம் போடலாமா? செத்தவங்களுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? அதோட, ஆம்பளைப் பிள்ளைன்னாலே டோட்டோன்னு கூப்பிடற ஊர்ல, நம்ம வகுப்புல மட்டும் ஒன்பது டோட்டோ. எந்த டோட்டோன்னு யாருக்குத் தெரியும்?" எல்லாருக்கும் தெரியும், அடியே பேபி. எழுபத்தொரு வயசுலயும் ஊருக்கே பேபியா இருக்கிற நீ கௌரவம் பேசறியா? நெட்டை டோட்டோ, ஓசி டோட்டோ, பாதிரியாராகப் போய்க் கல்யாணத்தோட திரும்பி வந்த டோட்டோ, இதுல எவன் யாரைக் குழப்பினான்? பட்டத்தைக் கல்லூரி கொடுத்துது, பட்டப்பேரை நாம கொடுத்தோம். பதிவேட்டுப் பேருக்குப் பதிவேடு அழட்டும்; நாங்க அழணும்னா நாங்க கூப்பிட்ட பேரைச் சொல்லு. போடாட்டி, வெளியீட்டு அன்னிக்கு முதல் வரிசையில உட்கார்ந்து, நீ ஒவ்வொரு பேரா வாசிக்க வாசிக்க நான் எழுந்து பட்டப்பேரைக் கத்துவேன். ஒலிபெருக்கி உன்னோடது, தொண்டை என்னோடது. காவலாளியைக் கூப்பிட்டுக்கோ. அவன் பேரும் டோட்டோதான்.

தங்கள் கணவருக்கும் பேத்திகளுக்கும் கோழிகளுக்கும் என் அன்பு. தங்கள் முழங்காலுக்காகச் செபிக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவு சற்றும் இல்லாத
கிரெசென்சியோ மோந்தாஞோ

பி.கு.: என் முறை வரும்போது மட்டும் மேலே உள்ள முழுப்பெயரோடு நிறுத்திக்கொள்ளவும். குயிமாராஸ் தீவுக்குப் போன படகில் எனக்கு நேர்ந்ததை வைத்துத் தவளை சூட்டிய "பேதி டோட்டோ" பேரப்பிள்ளைகள் முன்னால் வேண்டாம். ஆனால் எவனாவது கையில் லும்பியாவோடு "யாருப்பா அது?" என்று கேட்டால், பேபி, அவன் காதில் சொல்லிவிடு.