சகலையின் நாலு நிமிஷம்

"அந்த டெலீட் பட்டனை ஏன் இந்தக் குத்து குத்தறீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

மனைவி அறை வாசலில் நின்று கேட்டாள். பிளான்காரர் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் கண் விழிக்கும் முதல் இரண்டு நொடிக்குள் அந்தப் பட்டனை அழுத்தினால்தான் மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். நாலு தரம் கோட்டை விட்டாயிற்று.

இன்னும் கட்டாத வீடுகளை, கட்டி முடித்து வெயில் விழுகிற மாதிரி படமாக்கிக் காட்டுவது அவர் தொழில். ஒன்பது வருஷமாக ஒரே கம்ப்யூட்டர். ஒரு படம் முடியப் பதினெட்டு நிமிஷம். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, போன மாதம் வரை. போன மாதம்தான் மனைவியின் தங்கை கணவர், அதே தொழில் செய்கிற சகலை, புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்.

"அங்கே பட்டனைத் தட்டினா, கையை எடுக்கறதுக்குள்ள படம் வந்துடுது," என்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள் மனைவி.

"அப்ப கையை எடுக்காமலே இருக்கச் சொல்லு."

"பெட்டிக்குள்ள கலர் கலரா விளக்கு வேற எரியுது."

"விளக்கு எரியறதுக்கு வீட்டுல பல்பு இருக்கு. அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?"

சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரியாத நாளில்லை. புதுசு வாங்க வசதியில்லை. பழசையே முடுக்கிவிடுவது என்று தீர்மானித்தார். ப்ராசஸரின் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், சூட்டைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தப் பகுதி ஓடும்போது பிளான்காரர் சகலையின் முகம் போகப்போகிற போக்கை நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று மாலை நாலு மணிக்கு ஒரு டாக்டரம்மா தன் புது வீட்டின் படங்களைப் பார்க்க வருகிறார். ஐந்து படம் தயார். ஒன்றுதான் பாக்கி. காலையில் பேசாமல் ஓடவிட்டிருந்தால் பதினெட்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

ஐந்தாம் தரம் பக்கம் திறந்தது. வேகத்தை நிர்ணயிக்கிற எண் முப்பத்துநாலில் இருந்தது. முப்பத்தெட்டாக்கினார். கம்ப்யூட்டர் முணுமுணுக்காமல் எழுந்தது. பழைய படம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். பதினாறு நிமிஷம்! உடனே சகலைக்குப் போன் போட்டார்.

"தம்பி, நம்ம பழசை லேசாத் தட்டிவிட்டேன். பதினாறு நிமிஷத்துல முடிக்குது!"

"ரொம்ப சந்தோஷம் அண்ணே." சகலையின் குரலில் வெண்ணெய் வழிந்தது. "நம்மளோடது நாலு நிமிஷம். அதுவே கொஞ்சம் இழுக்குதோன்னு படுது."

போனை வைத்த கையோடு எண்ணை நாற்பத்துநாலாக்கினார். திரை கறுத்தது. கறுத்தது கறுத்ததுதான்.

பெட்டியைத் திறந்து, மதர்போர்டிலிருந்த வட்ட பேட்டரியை நெம்பி எடுத்து, ஐந்து நிமிஷம் பொறுத்துத் திரும்பப் போட்டார். கம்ப்யூட்டர் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டுப் பழைய முப்பத்துநாலுக்கே வந்து நின்றது. அது மறந்துவிட்டது. அவரால்தான் மறக்க முடியவில்லை.

மறுபடி நாற்பத்துநாலு. இந்தத் தடவை ப்ராசஸருக்குப் போகிற வோல்டேஜையும் ஏற்றினார். எழுந்துவிட்டது! ஆறாவது படத்தை ஓடவிட்டார்.

"ஏங்க, மிக்ஸி எதுவும் போட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி.

"அது ஃபேன் சத்தம். வேகம்னா அப்படித்தான்."

மூன்றாம் நிமிஷம் சூடு தாங்காமல் தானாகவே அணைந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நேராக வைத்தார். ஒன்பது வருஷத் தூசி எழும்பி மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே வோல்டேஜை இன்னும் ஒரு பிடி ஏற்றினார்.

படம் ஓடியது. ஐம்பது சதவீதம். அறுபது. "நாலு நிமிஷமாம், நாலு நிமிஷம்," என்று பல்லைக் கடித்தார். எழுபது.

டப்.

"என்னமோ கருகற வாசனை வருதே?"

"அடுப்புல எதையாவது வெச்சு மறந்திருப்பே, போய்ப் பாரு."

"நான் அடுப்பே பத்த வைக்கல."

மதர்போர்டிலிருந்து மெல்லிய புகை கிளம்பி, டேபிள் ஃபேன் காற்றில் அவர் முகத்துக்கே வந்தது. மணி இரண்டு.

"தங்கச்சி வீட்டுக்குப் போங்க," என்றாள் மனைவி.

"நானா? அங்கேயா?"

"ஒரு படம்தானே? அங்கே ஒரு நொடியில வந்துடும். டாக்டரம்மாவுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் ஒவ்வொரு அடியும் கனத்தது. சகலை சிரிக்கப்போகிற சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது. "எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சு தம்பி... எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சு தம்பி..." என்று வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தது கொழுந்தியாள்.

"எங்க தெருவுல கரண்ட் போயிடுச்சும்மா," என்றார் மூச்சு வாங்க. "ஒரே ஒரு படம். தம்பியோட கம்ப்யூட்டர்ல ஓட்டிக்கிட்டுப் போயிடறேன்."

அவள் துண்டு மூட்டையையும் அவர் முகத்தில் படிந்த கரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயோ அத்தான், உங்களோடதைக் கடன் கேட்கத்தான் அவரு இப்பத்தான் குறுக்குச் சந்து வழியா உங்க வீட்டுக்குக் கிளம்பிப் போனாரு, நாலு நிமிஷத்தை மூணாக்கறேன்னு வேகத்தை ஏத்தி, எங்களோட புதுசு போன வாரமே கருகிப்போச்சே!"