அடுத்த மாதம் கிளம்புகிறவர்

ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: அடுத்த மாதம் கிளம்புகிறவர். 1987இல் எங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, தலைநகர் சுவாவில் இந்தியர்கள் நடுவே இந்த இனம் தெருவுக்கு நாலு பேர் என்று பெருகியது.

எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தவர் அப்பல்சாமி. கப்பல் கம்பெனி குமாஸ்தா. நகாசியில் இருந்த சொந்த வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மனைவி உர்மிளாவையும் கைக்குழந்தை ரஜ்னீதாவையும் கூட்டிக்கொண்டு, கனடாவில் குடியேற மனுப் போட்ட கையோடு எங்கள் தூராக் மேட்டுக்கு வந்தார். ஆறு மாதத்துக்கு ஓர் இடம் போதும் என்றார்.

கட்டடத்தின் சொந்தக்காரி ஜான்கி, கீழே துணிக்கடை வைத்திருந்த அம்மாள், மாடியை அப்போதுதான் புதுப்பித்திருந்தார். புதுப்பித்தல் என்றால் என்ன? ஒரே கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பை நிறுத்தி அதை இரண்டு வீடாக்கி, அலமாரி இருந்த மூலையில் குளியலறையை நுழைத்து, கட்டில் காலுக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பதித்து, எல்லாவற்றின் மேலும் இளமஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுவது. குழாய்கள் மட்டும் பழையவை. யார் தண்ணீர் திறந்தாலும் கட்டடம் முழுக்கக் கனைக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் குடியிருந்தேன். அவர்கள் வீட்டுச் சமாசாரம் எதையும் யாரும் எனக்குத் தனியாக வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சுவத்துல ஒரு ஆணி அடிச்சுத் தாங்க. சாமி படம் மாட்டணும்" என்பார் உர்மிளா.

"ஆறு மாசத்துக்கு எதுக்கு ஆணி?"

சாமி படம் வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தது. மனிதர்கள் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள்.

ஐஸ்பெட்டி வாங்கலாமா? கனடாவில் கரண்ட் வேறு. கூரை ஒழுகுகிறதே? வாளி வை. ஒன்றே ஒன்றுதான் வாங்கினார்: முழங்கால் வரை வரும் கம்பளிக் கோட். சுவா மழையில் அதற்குப் பூஞ்சை பிடிக்க, ஞாயிறுதோறும் அதை வெயிலில் போட்டுக் காவல் உட்கார்ந்திருப்பார். அப்போது யாராவது மனு நிரப்பத் தெரியாமல் வந்தால் அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுப்பார். வந்தவர்கள் எல்லாரும் கனடா போய்ச் சேர்ந்தார்கள். வான்கூவரிலிருந்து நன்றிக் கடிதம்கூட எழுதினார்கள்.

அவர் மனு மட்டும் அசையாமல் கிடக்க, இப்படியே பதின்மூன்று வருடம்.

2000இல் ஆட்சி மறுபடி கவிழ்ந்தது. கடைகளைக் கொள்ளையடித்தார்கள். போவதாக ஒரு நாளும் சொல்லாத ஜான்கி, மூன்றே வாரத்தில் ஆக்லாந்துக்கு மகனிடம் போக முடிவெடுத்து, மாடி வீடுகளை விற்கப்போவதாகச் சொல்ல வந்தார். வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் அப்பல்சாமியிடம்தான் கேட்டார்.

"நாங்களே போறவங்கம்மா" என்றார் இவர்.

வேறு யாராவது வாங்கினால் குடும்பம் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தையல் தொழிற்சாலையில் பதினோரு வருடம் மெஷின் மிதித்த உர்மிளா யோசித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தடுப்பு வழியாக அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

"வக்கீலாண்ட போயிட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"இந்த வீட்டை வாங்கிட்டேன். என் பேர்ல."

அவர் பெட்டி மேலிருந்து எழுந்த சத்தம் கேட்டது.

"நம்ம போறமே, உர்மிளா."

"நீங்க போங்க, ரஜ்னீதா அப்பா. யாரு வேணாம்னா? எனக்குப் பெட்டி மேல உக்காந்து சோறு தின்னு இடுப்பு போச்சு. உங்க பேப்பர் வர்ற வரைக்கும் இங்கயே இருந்துக்கலாம். அச்சா?"

அன்று சாயங்காலம் அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னார்: "நகாசி வீட்டுல நான் அடிச்ச ஆணியெல்லாம் ஒரே நாள்ல நானே பிடுங்கினேன், தம்பி. இன்னொரு தடவை பிடுங்க என்னால ஆகாது."

அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் சிரிக்க முடியவில்லை.

மறு சனிக்கிழமை கூரையில் தார் பூசிக்கொண்டிருந்தார். அப்புறம் கதவுக் கீல், பிறகு நாலு நாற்காலி. கட்டடத்தில் எது உடைந்தாலும் "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று அவரைத் தேட ஆரம்பித்தார்கள். அவரும் மறுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கனடாவிலிருந்து நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தார். "அந்த வாரம் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கணுமே" என்றார். ஒரு வருடம் அவகாசம் கேட்டு, அதே அழகான கையெழுத்தில் பதில் எழுதினார். அங்கிருந்து பதில் வரவில்லை. 2006இல் ஆட்சி இன்னொரு முறை கவிழ்ந்தபோது, "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டவர்களிடம், "அடுத்த மாசம்" என்றார். உள்ளே உர்மிளா ஐஸ்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த இனத்தில் சேர்வதற்குப் பாஸ்போர்ட் அவசியமில்லை. உங்கள் வீட்டு சோபாவில், வாங்கிய அன்று வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா? விருந்தாளிக்கு ஆகட்டும் என்று நீங்கள் ஒரு நாளும் குடிக்காத பூப்போட்ட கோப்பைகள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றனவா? அப்படியானால் அந்த விருந்தாளி யார், எந்தத் தேதிக்கு வருகிறார் என்று கொஞ்சம் விசாரித்து வையுங்கள்.