எலுமிச்சம்பழ அளவு புளி

ஒரு சாமானை வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட அத்தனையையும் படித்துவிடுகிற ஆள் நான். வாங்கி வந்த பிறகு, பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருக்கும் பத்துப் பக்கக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் தொட மாட்டேன். படித்தவன் என்ற திமிர்தான், வேறென்ன. இந்தத் திமிருக்கு எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸியும் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும் பலியாகியிருக்கின்றன. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகனுடைய கல்யாணமும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டியது.

மகன் கவினுக்கு ஓசூரில் வேலை. கூட வேலை பார்க்கும் கீர்த்தனாவைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னான். அந்தப் பெண்ணுக்கும் இவனைப் பிடித்திருந்தது. ஆனால் அப்பா சம்மதிக்காமல் வர மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா பெயர் மாதப்பன். மொரப்பூரில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடை. சேலத்திலிருந்து வேறொரு சம்பந்தமும் அவருக்கு வந்திருந்தது. ஜாதகமெல்லாம் எங்கள் பக்கம் பொருந்தித்தான் இருந்தது. பொருந்தாதது நான்தான்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்றும் யாரோ அவரிடம் சொல்லி வைத்துவிட்டார்கள். "கதை எழுதறவரு வூடாம். எது நெசம், எது கதைன்னு நாம எப்பிடிக் கண்டுபுடிக்கறது?" என்று கேட்டாராம். (நியாயமான கேள்வி. என் மனைவி செல்வி முப்பது வருடமாக இதையேதான் கேட்கிறாள்.)

கடைசியில், "சும்மா வூடு பாத்துட்டு வர்றம்" என்று மாதப்பனும் அவர் மனைவி கோவிந்தம்மாளும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்தச் 'சும்மா'வின் எடை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் குடிப்பார்கள், அதோடு சரி. காபியை வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம். "இருக்கட்டுங்க, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தம்" என்றால் சேலம்.

இந்த நேரத்தில் கவின் வாயைத் திறந்தான். "அவங்க அப்பாவுக்குக் காபின்னா உசுருப்பா. வத்தல்மலைக்குப் போயி கொட்டை வாங்கிட்டு வந்து அவரே வறுத்து அரைப்பாரு."

எனக்குள் விளக்கு எரிந்தது. வாசனையிலேயே மனுஷன் தடுமாறிப் போகிற மாதிரி ஒரு காபி. வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கை தானாக நீள வேண்டும். அதற்கு ஒரே வழி எஸ்பிரஸோ மிஷின். (எனக்கு அந்த மிஷின் மேல் ஐந்து வருடமாகக் கண் இருந்தது என்பதற்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை என்று அப்போது மனதார நம்பினேன்.)

"நம்ம பில்டருக்கு என்னாங்க கொறச்சல்?" என்றாள் செல்வி.

"அதுல பிரஷர் இல்ல."

"உங்களுக்குத்தான் இருக்குதே."

மூன்று வாரம் ஆராய்ச்சி. மாத்திரை போன்ற சிறு டப்பியைச் செருகினால் காபி வரும் ரகம் ஒன்று இருந்தது. காபிக்கு மாத்திரையா என்று ஒதுக்கினேன். பொத்தானை அழுத்தினால் கொட்டை அரைப்பது முதல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் ரகம் இன்னொன்று. எனக்கு வேலையில்லாத இடத்தில் எனக்குப் புகழும் இருக்காது, அதையும் விட்டேன். தூளைக் கைப்பிடி வைத்த கிண்ணத்தில் நிரப்பி, அமுக்கி, மிஷினில் திருகி மாட்டுகிற மூன்றாவது ரகம்தான் என் கம்பீரத்துக்குச் சரிப்பட்டது. பதினைந்து பார் அழுத்தம் என்று போட்டிருந்தது. ஒன்பதே போதும் என்றார் வீடியோவில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர். ஆறு கூடுதலாக இருந்தால் சம்பந்தத்துக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். மிஷினைவிட, தூள் அரைப்பதற்கு நல்ல இயந்திரம் முக்கியம் என்றும் அவர் சொன்னார். அந்த இடத்தில் வீடியோவை வேகமாக ஓட்டிவிட்டேன்.

மிஷின் வந்தது. கடைத்தெருவில் வாங்கிய காபித்தூளைப் போட்டு, ஆறு கூடுதல் பார்களுக்கும் வேலை கொடுக்கிற மாதிரி அமுக்கி, பொத்தானைத் தட்டினேன். மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒரு சொட்டு. நானும் செல்வியும் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தோம். தூளில் சிக்கரி கலந்திருந்தது, அது நனைந்து ஊதிப்போய்க் களியாக அடைத்துக்கொள்கிறது என்று இரண்டு நாள் படித்துக் கண்டுபிடித்தேன். சிக்கரி இல்லாத தூள், அதையும் மெதுவாக அமுக்குவது என்று மாற்றியபின் ஒருநாள் காலையில் அசல் எஸ்பிரஸோ இறங்கியது. மேலே பொன்னிறத்தில் ஒரு நுரைப்படலம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஷாம்பு போட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள் செல்வி.

தினம் எட்டுப் பத்துக் கோப்பை பயிற்சி எடுத்தேன். எங்கள் ஊரான அதியமான்கோட்டையில் என்னைத் தேடி வந்தவர்கள், தேடாமல் தெருவில் போனவர்கள், மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் என்று எல்லோரும் குடித்தார்கள். இதில் தண்ணீர் சமாசாரத்தை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் வரும். குடிக்க அது, அது வராவிட்டால் கேன். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அந்தப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. ஹீட்டர் கம்பியில் வெள்ளையடித்த மாதிரி உப்பு ஏறும். 'மிஷினுக்கு எதற்கு நல்ல தண்ணீர்?' என்று சிக்கனமாக யோசித்து, பயிற்சி எடுத்த அத்தனை நாளும் அதையே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மிஷினில் ஓர் ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டியது. தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. உள்ளே உப்பு படிந்துவிட்டது, சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓடவிட வேண்டும் என்றது இணையம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு சிட்ரிக் ஆசிட் எங்கே கிடைக்கும்? இந்த இடத்தில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. ஆசிட் என்றால் புளிப்பு. புளிப்பு என்றால் புளி. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத்தானே பளபளவென்று தேய்க்கிறார்கள்? தர்மபுரி மாவட்டத்தில் புளிக்கா பஞ்சம்? அடுக்களையில் ஒரு பானை நிறைய இருந்தது. எலுமிச்சம்பழ அளவு எடுத்து வெந்நீரில் ஊறப் போட்டேன்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ரசத்துக்குக் கரைக்கறாப்பல இருக்குது."

"இதுக்குப் பேரு கெமிஸ்ட்ரி."

"கெமிஸ்ட்ரிக்குப் பெருங்காயம் போடுலீங்களா?"

டீ வடிகட்டியில் வடிகட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊற்றி, பொத்தானை அழுத்தினேன். மிஷின் 'உர்ர்ர்' என்று உறுமியது. பிறகு 'உம்' என்றது. பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

பத்து மணிக்கு மாதப்பனும் கோவிந்தம்மாளும் வந்து இறங்கினார்கள். மாதப்பனுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத முகம். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். புத்தக அலமாரி முன்னால் நின்று, "இத்தனையும் படிச்சிட்டீங்களா சார்?" என்றார். படித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஊம் கொட்டினார். அது பாராட்டு இல்லை என்று புரிந்தது.

உட்கார்ந்ததும் செல்வி, "காபி கொண்டாரட்டுங்களா?" என்றாள்.

"இருக்கட்டுங்கம்மா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தம்" என்றார் மாதப்பன்.

கவின் முகம் விழுந்துவிட்டது. பையன் என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தால் நான் தகப்பனே இல்லை என்று தோன்றியது. (உட்கார்ந்திருந்திருக்கலாம்.)

"குடிக்க வேண்டாம், சும்மா பாருங்க" என்று சாப்பாட்டு மேசைமேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்த மிஷினைத் திறந்து காட்டினேன். காலையில் மக்கர் செய்தது இதற்குள் ஆறியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தூளைப் போட்டேன், அமுக்கினேன், மாட்டினேன், தட்டினேன். உர்ர்ர். சொட்டுக்கூட இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். உள்ளே ஏதோ கொதிக்கிற சத்தம். தூள்தான் அடைத்துக்கொண்டது என்று தீர்மானித்து, கைப்பிடியைப் பிடித்துத் திருகிக் கழற்றினேன்.

உள்ளே நீராவி அடைபட்டிருக்கும்போது அதைக் கழற்றக் கூடாது என்று குறிப்புப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் படம் போட்டுச் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறதாம்.

பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது கைப்பிடி என் கையில் இருந்தது. கிண்ணத்தில் இருந்த தூள் அங்கே இல்லை. அது சுவரில் இருந்தது, நாள்காட்டியில் இருந்தது, என் மூக்குக் கண்ணாடியில் இருந்தது. பெரும்பகுதி மாதப்பனுடைய வெள்ளைச் சட்டையில் இருந்தது. நல்லவேளை, அவர் எட்டி நின்றிருந்ததாலும் நான் கண்ணாடி போட்டிருந்ததாலும் யாருக்கும் பெரிதாகச் சுடவில்லை. புளி வாசனை வீடெங்கும் பரவியது.

மாதப்பன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு எட்டு முன்னால் வைத்தார். வாசலுக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசைக்குப் போனார். மிஷின் முதுகில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மோட்டார் ஓடுது. தண்ணி ஏறுல" என்றார். "என்னா தண்ணி ஊத்துறீங்க?"

"போர் தண்ணிங்க."

"எங்கூரு மோட்டாரே அதுல தாங்காது. இது பாவம்." முகர்ந்து பார்த்தார். "உள்ள வேற ஏதாச்சும் ஊத்துனீங்களா சார்?"

எனக்குள் இருந்த எழுத்தாளன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். கம்பெனிக் கோளாறு, வரும்போதே இப்படி, புகார் கொடுத்திருக்கிறோம், ஆள் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே மூச்சில் முழுக்கதையும் தயார். "அது வந்துங்க, வாங்குறப்பவே…" என்று ஆரம்பித்தேன். மாதப்பன் என் முகத்தையே பார்த்தார். அடுக்களை வாசலில் செல்வி நின்றாள். கவின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புளிங்க" என்றேன்.

"எவ்வளவு?"

"எலுமிச்சம்பழ அளவு."

"பழைய புளியா, புதுசா?"

"பழசுங்க."

"அதான் நாரு அடைச்சிக்கிச்சி" என்றவர், "திருப்புளி இருக்குதா?" என்றார்.

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு தரையில் உட்கார்ந்தார். எதிரில் நான். திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றி, மிஷினைப் பிரித்து ஒரு மெல்லிய குழாயை உருவினார். வாயில் வைத்து ஊதினார். மறுமுனையிலிருந்து ஒரு புளிநார் பாம்புக்குட்டி மாதிரி வெளியே வந்து விழுந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "ரசம் பரவால்ல. உப்புதான் இல்ல" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் முதலில் சிரித்தது கோவிந்தம்மாள்.

உள்ளே படிந்திருந்த சுண்ணாம்பு உப்பைச் சுரண்டினார், பூட்டினார், கேன் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி மூன்று முறை ஓடவிட்டார். நான் திருகாணிகளைத் தட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு என்னை நம்பினார். கடைசியில் புதுத் தூள் போட்டு, அவரே அமுக்கி, அவரே தட்டினார். இறங்கியது. பொன்னிற நுரையோடு, தேன் மாதிரி.

வாயில் விட்டுப் பார்த்தார். "இன்னும் புளிக்குது." அடுத்த கோப்பை. "இப்பக் கொஞ்சம் தேவலாம்." அடுத்தது. "தூளக் கம்மி பண்ணலாம்." நாலாவதைக் கண்ணை மூடிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "ம்."

அந்த 'ம்' அடங்குவதற்குள் கோவிந்தம்மாள், "ஏங்க, நாலு குடிச்சிட்டீங்க" என்றார்.

மாதப்பன் கையிலிருந்த கோப்பையை அப்போதுதான் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார். "டெஸ்ட்டுதானே பாத்தன்" என்றார்.

"டெஸ்ட்டுக்கு ஒண்ணு பத்தாதுங்களா?" என்றாள் செல்வி, அடுக்களை வாசலில் இருந்தபடி, மிக மெல்லிய குரலில்.

"ரிப்பேருக்குப் போற வூட்லயெல்லாம் குடிக்கறதுதாம்மா. அது கணக்குல வராது."

"இந்த வூட்டுக்கு ரிப்பேருக்கா வந்தம்?" என்றார் கோவிந்தம்மாள். மாதப்பன் கவினை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், சட்டையில் இருந்த கறையைப் பார்த்தார். அவர் முகத்தில் எதைப் படித்தாரோ, கோவிந்தம்மாள் செல்வியின் பக்கம் திரும்பி, "எனக்கும் ஒண்ணு குடுங்க. அந்த மிசின்ல வேணாம், உங்க பில்டர்ல போட்டுக் குடுங்க" என்றார்.

கவின் எழுந்து புழக்கடைக்குப் போய்விட்டான். போன் பேசத்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு மொரப்பூரிலிருந்து வந்த வரிசைத் தட்டுகளில், பழத்துக்கும் பூவுக்கும் நடுவே மஞ்சள் குங்குமம் வைத்து ஓர் உருண்டைப் புளி இருந்தது. சரியாக எலுமிச்சம்பழ அளவு. இது எந்தச் சாங்கியம் என்று உறவினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். "கதை சொல்லப் போறாருன்னு நெனச்சன். புளின்னாரு" என்று மட்டும் சம்பந்தி தன் மைத்துனரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிஷின் இன்றும் நன்றாக ஓடுகிறது. கேன் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறோம். வத்தல்மலைக் கொட்டையை வறுத்து அரைத்து, மாதாமாதம் அவரே கொண்டுவருகிறார். கூடவே திருப்புளியும். எங்கள் இரண்டு வீட்டிலும் டிவி நின்றாலும், பைக் கிளம்பாவிட்டாலும், முதல் கேள்வி என்னிடம்தான் வரும். "புளி ஊத்துனீங்களா?"

போன வாரம் என் பேத்தியின் பொம்மைக் கார் ஓடவில்லை. இரண்டரை வயது, இப்போதுதான் வாக்கியமாகப் பேசுகிறது. காரைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, புளி ஊத்துனியா?" என்றது. இல்லை சாமி, பேட்டரிதான் தீர்ந்திருக்கும், கொடு பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொன்னது:

"மொரப்பூர்த் தாத்தாவ வரச் சொல்லு."