சம்பந்திக்குப் பச்சை மட்டை

சேசு மரி சூசை துணை

மன்னார்,
ஆவணி மாதம், ஞாயிறு பூசைக்குப் பின்.

அன்பு மகள் நிறஞ்சலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய கிருபையாலும் ஆஸ்பத்திரிக் குளிசையாலும் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். (குளிசையைத்தான் முதலில் எழுதினேன். அது சரியல்ல என்று பட்டதால் வெட்டி மாற்றினேன். வெட்டிய இடம் தெரிந்தால் பொறுத்துக்கொள்.) நீயும் மருமகன் மில்ரனும் பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செபமாலையில் தினமும் ஒரு மணி ஒதுக்கியிருக்கிறேன்.

வட்ஸ்அப் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். நம் குடும்பக் குழுவில் உன் மாமனாரும் இருக்கிறார். தனியாக அனுப்பலாம் என்றால், எது தனி, எது குழு என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம். என் மூலவியாதி மருந்தின் படம் முழுக் குழுவுக்கும் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆகவே தபால். இதை மருமகனுக்குக் காட்டாதே. காட்டினாலும் அவருடைய தகப்பனைப் பற்றிய பகுதியைக் காட்டாதே. அப்படிப் பார்த்தால் காட்டுவதற்கு மேலே எழுதிய சுகச்செய்தி மட்டும்தான் மிஞ்சும்.

நம் கோவிலுக்குப் புதிய மணிக்கோபுரம் எழும்புகிறது அல்லவா? அதற்குச் சாரம் கட்டும் வேலையைப் பங்குச் சுவாமி இரண்டாகப் பிரித்தார். றோட்டைப் பார்த்த பக்கம் உன் மாமனார் பேதுருவுக்கு, கடலைப் பார்த்த பக்கம் எனக்கு. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தலைமன்னார் பஸ்ஸில் போகிற சனம் முழுவதும் அவருடைய சாரத்தைப் பார்க்கும், என்னுடையதைக் காகமும் கழுதையும் பார்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் ரவுண் கடையொன்றிலிருந்து இரும்புச் சட்டங்களை வாடகைக்கு எடுத்துப் பூட்டினார். நான் என் வழக்கப்படி கம்பு நட்டு, வள்ளக் கயிற்றால் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பேன், இறங்கியபின் சந்தேகம் வந்து திரும்ப ஏறி மறுபடி இழுத்துப் பார்ப்பேன். பூட்டுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆணியை முறுக்கிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்.

ஆனால் சாரம் பெரிய விடயம் அல்ல, மகள். விடயம் சிலுவை. கோபுர உச்சியில் சிலுவை வைக்கும்போது சாரம் கட்டினவனுடைய கைதான் அதை முதலில் பிடித்து நிறுத்த வேண்டும், பிறகுதான் மேசன் சீமெந்து பூசலாம் என்பது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். கீழே ஆயர் ஆண்டகை நின்று ஆசீர்வதிப்பார், மணி அடிக்கும், ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். நான் வீடு, பள்ளிக்கூடம், ஐஸ் தொழிற்சாலை, சங்கக் கடை என்று எத்தனையோவுக்குச் சாரம் கட்டிவிட்டேன். கோபுரம் எனக்கு இதுதான் முதல். வயதைப் பார்த்தால் இதுதான் கடைசியும். உன் மாமனாருக்கும் அப்படியே. இருப்பதோ ஒரு சிலுவை.

இந்த நிலைமையில்தான் நீங்கள் அவருக்கு அந்தப் பாதுகாப்பு பெல்ற்றை அனுப்பினீர்கள். மகன் தகப்பனுக்கு அனுப்புவதை நான் குறை சொல்லக்கூடாது. தோளிலும் தொடையிலும் வார், முதுகில் வளையம், செம்மஞ்சள் நிறம், நல்ல சாமான். எனக்கு நீ அனுப்பிய கம்பளிக் காலுறையும் நல்ல சாமான்தான். மன்னாரில் அதைப் போடுவதற்கு ஏற்ற ஒரு நாள் வரும் என்று காத்திருக்கிறேன். அவர் அந்த பெல்ற்றோடு சந்தைக்கு மீன் வாங்கப் போகிறார், பின்னால் கொளுக்கி தொங்கத் தொங்க. மீன்காரர் ஒருவர், “என்ன பேதுரு அண்ணை, பாரை விலையைக் கேட்டு விழுந்திடுவன் எண்டு பயமோ?” என்று கேட்டாராம். அதற்கும் சிரித்தாராம். வெட்கம் என்பதைக் கடவுள் எல்லாருக்கும் சமமாகக் கொடுப்பதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கோபுரத்துக்குக் காசு தருகிற வெளிநாட்டுச் சபை, வெளியிலிருந்து ஒருவர் வந்து சாரத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மேலே வேலை நடக்கலாம் என்று எழுதிவிட்டது. அப்படி வந்தவர் கொழும்பு மிஸ் ஒருவர், உன் வயது இருக்கும். சிங்களமும் இங்கிலீசும் கதைத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அது வாசிக்கிற இங்கிலீஷ். ஆள் முன்னால் வந்து நின்றால், நான் மனதுக்குள் வசனத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

அவர் உன் மாமனாரின் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. இரண்டு பூட்டைத் தட்டிப் பார்த்தார், எழுத்து அச்சடித்த ஒரு பச்சை மட்டையை ஏணியடியில் தொங்கவிட்டார், வந்துவிட்டார். என் பக்கத்தில் வெகு நேரம் நின்றார். கட்டுகளைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து பார்த்தார், படம் எடுத்தார், வாகனச் சாரதியைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். நிழலில் நின்ற கழுதைகள் யாருடையவை என்று கையைக் காட்டிக் கேட்டார். யாருடையவையும் இல்லை என்று கையை விரித்தேன், அதையும் எழுதிக்கொண்டார். கடைசியாக ஒரு செபம் அளவுக்கு நீளமாக ஏதோ சொன்னார், அதில் பாதியைக் கடற்காற்று கொண்டுபோய்விட்டது. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு என் ஏணியில் ஒரு சிவப்பு மட்டையைத் தொங்கவிட்டுச் சிரித்தார். சிரித்தார், மகள். உன் மாமனாருக்கு அவர் சிரிக்கவில்லை. மட்டையில் எழுதியிருந்தது சிங்களத்தில்.

நான் முறையாக யோசிக்கிறவன். எங்கள் தெருவில் சமிக்ஞை விளக்கு என்று எதுவும் இல்லை. நிறங்களுக்குப் பொருள் எனக்குத் தெரிந்தது கோவிலில்தான். சுவாமி பச்சை உடுப்புப் போட்டால் அது சாதாரண ஞாயிறு. விசேடம் எதுவும் இல்லாத நாள். சிவப்புப் போட்டால் அது அப்போஸ்தலர் திருநாள், வேதசாட்சிகள் திருநாள், தூய ஆவியின் பெருவிழா. ஆகவே பேதுருவின் சாரம் சாதாரணம், என்னுடையது விசேடம் என்ற முடிவுக்கு வந்தேன். இதில் எந்தப் படியில் தவறினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் உன் மாமனாரிடம் நானாகப் போய், “சம்பந்தி, மனம் நோகாதேங்கோ. பச்சையும் நல்ல நிறம்தான்” என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “ஓம், ஓம்” என்றார். பொறாமையில் வாயடைத்துவிட்டது என்று நினைத்து அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னேன். உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். பிறகு, இவ்வளவு சிறப்புப் பெற்ற சாரத்தைச் சும்மா விடக்கூடாது என்று என் ஆட்கள் எல்லாரையும் மேலே ஏற்றினேன். நானும் ஏறினேன். உச்சித் தட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, றோட்டுப் பக்கத்தை மேலிருந்து பார்த்தேன். நல்ல காட்சி.

அப்போது மிஸ்ஸின் வாகனம் திரும்பி வந்தது. குடையை மறந்து விட்டுப்போனாராம். இறங்கி அண்ணாந்து பார்த்தார், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார், ஏதோ கத்தினார். காற்று அதையும் கொண்டுபோய்விட்டது. பெரியமடுப் பக்கமிருந்து வேலைக்கு வருகிற நம் லெட்சுமணன், அவனுடைய ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள், மெதுவாகக் கேட்டான்: “ஐயா, அந்தம்மா நம்மளக் கும்புடுதா, ஏசுதா?”

“படமெடுக்க வந்திருக்கிறா. எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்கோ” என்றேன்.

திரும்பினோம். நான் கையசைத்தேன். அவர் நிலத்தில் காலை உதைத்தார். அதற்கும் நான் கையசைத்தேன். கீழே உன் மாமனார் செம்மஞ்சள் பெல்ற்றோடு வந்து, வாயில் கையைக் குவித்து, றோட்டில் நின்ற பஸ்ஸுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: “சம்பந்தி, இறங்குங்கோ. சிவப்பு எண்டால் ஒருத்தரும் ஏறக்கூடாது எண்டு அர்த்தம்.”

ஏறுவதைவிட இறங்குவதற்கு நேரம் எடுத்தது. என் கட்டுகளில் குறை இல்லையாம். கைபிடிக் கம்பு இல்லை, பலகை ஓரத்தில் தடுப்பு இல்லை, ஏணியைக் கட்டவில்லை என்பவைதான் குறைகள். அத்தனை கம்பையும் கட்டினவன், தான் ஏறுகிற ஏணியைக் கட்டவில்லை. சுவாமி அங்கேயே, சிலுவை வைக்க ஏறுகிறது பேதுருதான் என்று சொல்லிவிட்டார். உன் மாமனார் என் தோளில் கைபோட்டு, “மனம் நோகாதேங்கோ சம்பந்தி. சிவப்பும் நல்ல நிறம்தான்” என்றார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது உன் அம்மா இரண்டு கையிலும் சேலையோடு வந்து, “இஞ்சாருங்கோ, பச்சையை உடுக்கட்டோ, சிவப்பை உடுக்கட்டோ? நீங்கள்தானே அர்த்தம் தெரிஞ்ச ஆள்” என்று கேட்டாள். அவளும் விட்டிருக்கலாம்.

நான் எல்லாக் குறைகளையும் திருத்தினேன். ஏணியை இப்போது எப்படிக் கட்டியிருக்கிறேன் என்றால், இனி அதை அவிழ்ப்பது எப்படி என்று லெட்சுமணன் கவலைப்படுகிறான். மிஸ் மறுபடி வந்து பார்த்து எனக்கும் பச்சை தந்தார். இந்த முறை சிரிக்கவில்லை, ஆகவே நிம்மதி. கோபுரத்தைச் சுற்றி வலை கட்டவேண்டும், உச்சிக்கு ஒருவர்தான் ஏறலாம், மற்றவர் கீழே நின்று அவருடைய பாதுகாப்புக் கயிற்றைப் பிடிக்கவேண்டும் என்றும் சொல்லிப் போனார். சுவாமியும் தன் தீர்ப்பை மாற்றி, “ரெண்டு பேரும் இப்ப பச்சை. சம்பந்திகள், உங்களுக்குள்ள கதைச்சு முடியுங்கோ” என்று எங்களிடமே விட்டுவிட்டார்.

கதைத்தோம். “நீங்கள் மூத்தவர் சம்பந்தி. கீழ நிண்டு கயித்தைப் பிடியுங்கோ, எனக்கு அதுதான் மரியாதை” என்றார் அவர். “உங்களுக்கு முழங்கால் வருத்தம் எல்லோ? கீழ கதிரை போட்டுத் தரச் சொல்லுறன்” என்றேன் நான். “பெல்ற் என்ர அளவு” என்றார் அவர். இரண்டு வாரமாக நாங்கள் ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையோடு விட்டுக்கொடுக்கிறோம். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பது கீழே நிற்கிற இடத்தை.

ஆகவே மகள், உன்னிடம் கேட்பது இதுதான். நீ மருமகனிடம் சொல்லி, அவர் தன் தகப்பனுக்கு ரெலிபோன் எடுத்து, கீழே நிற்கச் சொல்லவேண்டும். கெட்ட கனவு கண்டதாகச் சொல்லலாம். பேரப்பிள்ளை அழுவதாகச் சொல்லலாம். பொய் சொல்லும்படி நான் கேட்கவில்லை, பிள்ளை எப்படியும் ஒரு நேரம் அழும்தானே. இது பொறாமையில் எழுதுவது அல்ல. பொறாமைதானோ என்று இரவு முழுவதும் யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அவருடைய முழங்காலைப் பற்றிய கவலையும் உண்மையாகவே கொஞ்சம் இருக்கிறது.

மருமகனுக்கு என் அன்பு. பேரப்பிள்ளையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிடு. வானத்துக்கும் பூமிக்கும் இராணியான மாதா உங்களைப் பனியிலும் வழுக்கலிலும் கைபிடித்துக் காப்பாராக.

என்றும் உன் நன்மையை விரும்பும் அப்பா,
ச. யாகப்பர்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். மேலே கேட்டதை எதுவும் செய்யாதே. இன்று பின்னேரம் சுவாமி ஒத்திகை வைத்தார். உன் மாமனார் முந்திக்கொண்டு பெல்ற்றோடு ஏறிவிட்டார். நான் வேறு வழியில்லாமல் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடகர் குழுப் பிள்ளை டினோஜா அதைத் தன் ரெலிபோனில் படம் பிடித்து எனக்குக் காட்டினாள். உச்சியில் வலைக்குள்ளே ஒரு ஹெல்மெற்றும் இரண்டு செருப்பின் அடியும்தான் தெரிகின்றன. அது பேதுருவா மேசனா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. கீழே, ஆண்டகை நிற்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில், கயிற்றோடு நான் முழு உருவமாக நிற்கிறேன், கழுத்துச் செபமாலை உட்பட. சிலுவை வைக்கிற அன்று எடுக்கிற படமும் இப்படித்தான் இருக்கும், அது கனடா வரைக்கும் போகும். ஆகவே சம்பந்தியிடம் போய், நீங்களே ஏறுங்கோ, நான் விட்டுத்தாறன் என்று சொன்னேன். அவர் கண்கலங்கிவிட்டார். சுவாமி என்னுடைய தியாகத்தை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லப்போவதாகக் கேள்வி, நான் தடுக்கவில்லை. சம்பந்தி ரெலிபோனில் இதைப் பற்றிக் கேட்டால், என் அப்பா மனம் உடைந்துபோய் இருக்கிறார் என்று மட்டும் சொல், நான் விரும்பித்தான் விட்டேன் என்று தெரிந்தால் அவர் மனம் மாறிவிடுவார். எனக்கு அவசரமாக ஒரு வெள்ளைச் சேட் அனுப்பு. அவருக்கு வேண்டாம், போட்டாலும் தெரியாது.