லொரெட்டா அக்காவுக்கு வந்த இரங்கல் அட்டைகள்

மாஷ்பீ,
நவம்பர் 20

பெருமதிப்பிற்குரிய லொரெட்டா அக்காவுக்கு, தம்பி வெண்டல் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் படகும் நலம். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்ததா, உன் மகள் நாடீன் உன்னை அடுப்புப் பக்கம் விடுகிறாளா என்று அறிய ஆவல்.

நிற்க. நீ இருபது வருஷம் போய்வந்த பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்த முறை நான் போனேன். பதினோரு மாதம் நம்மை நாய்கூடத் தேடாது. நவம்பர் பிறந்தால் போதும், நன்றித் திருநாளின் கதை சொல்ல இந்த மண்ணின் பூர்வகுடியான வாம்பனோக் ஆள் ஒருவர் வேண்டும் என்று டீச்சர்கள் எல்லாம் போன் போடுவார்கள். "நான் சிப்பி தோண்டுறவன், எனக்குப் பேச வராது" என்றேன். ஃபோன்டெஸ் டீச்சர், "உண்மையைச் சொன்னாப் போதும் வெண்டல்" என்றாள். உண்மை என்ன சின்ன வேலையா அக்கா?

உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள், தலைக்குத் தலை காகித இறகு, நம்மைப் போல வேஷமாம். என் ரப்பர் பூட்ஸைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "நிஜ வாம்பனோக் எப்ப வருவார்?" என்று டீச்சரிடம் கேட்டான். "நான்தாண்டா அது" என்றேன். நம்பவில்லை. நம் இனத்தின் அடையாள அட்டையைக் காட்டினேன். போட்டோவில் இறகு இல்லையாம், அதனால் அதையும் நம்பவில்லை. சரியென்று ஆரம்பித்தேன். கப்பலில் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் அந்த முதல் விருந்துக்கு நம்மை அழைத்ததாக யாரும் எழுதிவைக்கவில்லை, அவர்கள் அறுவடைக் கொண்டாட்டமாகத் துப்பாக்கி சுட்ட சத்தத்தில் சண்டையோ என்று நம் ஆட்கள் தொண்ணூறு பேர் ஓடிப்போய்ப் பார்த்தார்கள் என்றுதான் நாம் சொல்லிவருகிறோம், போன இடத்தில் ஐந்து மான் அடித்துக் கொடுத்ததும் நாம்தான் என்றேன். "கூப்பிடாமப் போனா எங்கம்மா திட்டுவாங்க" என்றாள் ஒரு பெண். "அவங்க மட்டும் எங்க ஊருக்குக் கூப்பிட்டா வந்தாங்க?" என்றேன். டீச்சர் இருமினாள்.

அவங்க வீடு கட்டின இடமே நம்ம ஊர்தான், அதுக்கு முன்னாடி வந்த கப்பல்கள் கொண்டுவந்த நோயில ஊரே காலி, புதைக்கக்கூட ஆள் மிஞ்சலைன்னும் சொன்னேன். பின்னால நம்ம தலைவரோட தலையை வெட்டிக் கம்பத்துல வச்ச கதையை மட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்னு நீ சொல்லுவியே, விட்டுட்டேன். எல்லாத்தையும் கல்லு மாதிரி நின்னுதான் சொன்னேன். அப்போ அதே பொண்ணு, "இப்ப உங்க வீட்டுல எத்தனை பேர் மிச்சம்?"னு கேட்டுச்சு. நான் ஒண்டிக்கட்டைன்னு உனக்குத் தெரியும். விரலை மடக்கினேன். "நான் ஒண்ணு. எங்கக்கா..." நானூறு வருஷத்தை ஒரே மூச்சுல சொன்னவனுக்கு ரெண்டாவது விரலைத் தாண்ட முடியலை அக்கா. அழுதுட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு கட்டு வந்தது. உனக்கு இருபத்திரண்டு இரங்கல் அட்டை! ஒருத்தன் உனக்குச் சிறகு வரைஞ்சு கீழே ரப்பர் பூட்ஸும் போட்டிருக்கான். பின்னாலேயே ஃபோன்டெஸ் டீச்சர், சாவு வீட்டுக்குச் சமைச்சுக் கொண்டுபோற வழக்கப்படி, ஒரு தட்டு மக்ரோனியோட துக்கம் விசாரிக்க வந்தா. அடுத்து சர்ச் பொம்பளைங்க, அதுக்கப்புறம் பள்ளிக்கூட பஸ் டிரைவர். "எங்கக்கா உயிரோட இருக்கா, அரிசோனாவுல இருக்கா"ன்னு வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தறேன். "துக்கத்துல அப்படித்தான் தோணும்"னு தோளைத் தட்டிட்டு இன்னொரு மக்ரோனித் தட்டை வச்சிட்டுப் போறாங்க. ஐஸ்பெட்டியில மீன் வைக்க இடமில்லை.

இதைச் சாக்கா வச்சு உன்னை வரச் சொல்றேன்னு நினைச்சிடாதே. இந்தக் குளிர் உன் முழங்காலுக்கு ஆகாது. அன்னைக்குத் தேதி பேப்பரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இவங்ககிட்ட காட்டறேன், போதும்.

நாடீனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நம் முன்னோர் உன்னையும், குறிப்பாக உன் முழங்காலையும், காக்கட்டும்.

உன் தம்பி,
வெண்டல்

பின்குறிப்பு: அக்கா, வாசலில் நின்று கத்தினேன் என்று எழுதியது பொய். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அரிசோனா போனதிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்ல ஆளில்லை, இப்போது தினம் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து, "உங்கக்கா எப்படிச் சிரிப்பாங்க?" என்று கேட்கிறார்கள். நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. போட்டோவெல்லாம் வேண்டாம். நீயே வந்து சொல்லிக்கொள்.