பக்கத்து சீட்டு பிரேக்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை அவள் தினமும் போனில் விசாரித்து எனக்கு முழு அறிக்கை வாசித்துவிடுவதால், அதைத் தனியாகக் கேட்டுத் தாளை வீணாக்கவில்லை.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு, யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அங்கே உன் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், கையெழுத்துப் போடவா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நம்ம ரேஸ் கிளப்பை மறுபடி நடத்துவோமா என்று கேட்டாய். யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போடு. கிளப் முடிந்துபோன கதை. முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு ஆசை விடும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தது மூன்றே பேர். நான், எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கும் ஹாரன்காரர், அப்புறம் ரிவர்ஸ் மாஸ்டர். வாரம் பூராவும் "மெதுவா, மெதுவா, கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது வேகமாகப் போகலாம் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு? பழைய செங்கல் சூளைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தைப் பிடித்தோம். வேறு கார் வாங்க வக்கில்லை, ஸ்கூல் காரையே ஓட்டினோம். எல் போர்டைக் கழற்றினால் திங்கட்கிழமை மறுபடி மாட்ட வேண்டுமே என்று அதையும் விட்டுவைத்தோம். ஸ்கூல் கார் என்றால் வாத்தியார் சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு, அதைச் சும்மா விடுவானேன் என்று அங்கே உன்னை உட்கார வைத்தேன். ஆக்சிலரேட்டர் எனக்கு, பிரேக் உனக்கு. அப்படித்தான் நம்ம வண்டி ஓடியது.

முதல் பந்தயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. முடிவுக் கோடு போடச் சொல்லி, நம் மூன்று ஸ்கூலுக்கும் போர்டு எழுதுகிற பெயின்டரிடம் சொன்னோம். அந்த மனுஷன் தனக்குத் தெரிந்த ஒரே கோட்டை, ஆட்கள் ரோட்டைக் கடக்கிற வரிக்கோட்டை, அழகாக, அகலமாகப் போட்டு வைத்தார். கடைசிச் சுற்றில் நான் முன்னால், ஹாரன்காரர் ஒட்டிக்கொண்டு, ஊரே கத்துகிறது. கோடு வந்தது. நீ அமுக்கினாயே ஒரு அமுக்கு!

"என்னடா பண்றே?"

"கிராசிங், அத்தான்!"

கோபத்தில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஹாரன்காரரும் நின்றுகொண்டிருக்கிறார், வலது இடது பார்த்துக்கொண்டு! ரிவர்ஸ் மாஸ்டர் மட்டும் பிரேக் பிடிக்காமல் கோட்டைத் தாண்டிவிட்டார். தாண்டியவர் வெட்கப்பட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக ரிவர்ஸில் வந்து கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து டீக்காரர் தட்டோடு குறுக்கே நடக்க, மூன்று வண்டியும் அவர் போகிறவரைக்கும் காத்திருந்தது. கோப்பை யாருக்கு என்று அப்புறம் நடந்த சண்டை உனக்கே தெரியும்.

மூன்று வண்டியும் வரிசையாக நின்றதை யாரோ படம் எடுக்க, அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. அடுத்த ஞாயிறு உட்கார இடமில்லை. இண்டிகேட்டர் போடாமல் முந்தினால் தோல்வி என்று நாம் சட்டம் வைத்ததும் ஜனங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எந்த வண்டி எப்போது முந்தப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுமா, லைட் மினுக்கியதுமே குழந்தைகள் எழுந்து நின்று கூச்சல் போடும். உன் அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வீட்டு வண்டி கைகாட்டுது, காட்டுது, போகத்தான் மாட்டேங்குது!" என்று என் மானத்தை வாங்குவாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் மச்சான்!

அப்புறம்தான் பல் டாக்டர் வந்தார், நிஜமான ரேஸ் காரோடு. அவருக்கு இண்டிகேட்டரே கிடையாது. கூட இன்னும் சில பேர். ஹெல்மெட் என்ன, கையுறை என்ன, நாம செருப்பைக் கழட்டிட்டு ஓட்டுற ஆளுங்க. மீட்டிங் போட்டாங்க. எல் போர்டு அசிங்கமாம், இண்டிகேட்டர் சட்டம் சின்னப்பிள்ளைத்தனமாம், பக்கத்து சீட்டு வீண் பாரமாம், அதனால சீட்டையும் ரெண்டாவது பிரேக்கையும் கழட்டணுமாம். நானும் ஹாரன்காரரும் வேண்டாம்னு கை தூக்கினோம். மத்த எல்லாரும் வேணும்னு தூக்கினாங்க. மெக்கானிக் வந்து உன் சீட்டைக் கழட்டுறப்போ நீ ஸ்பேனர் எடுத்துக் குடுத்தே பாரு, சிரிச்சுக்கிட்டே குடுத்தே, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. அடுத்த மாசமே வெளிநாட்டு வேலைன்னு நீ பெட்டி கட்டிட்டே. நல்ல வேலை, போகாதேன்னு எந்த வாயால சொல்றது?

நீ போனப்புறம் ரேஸ் ரொம்ப ஒழுங்கா நடந்தது. அதுதான் வினை. டாக்டர் ஜெயிப்பார், அடுத்த வாரமும் டாக்டர் ஜெயிப்பார். வண்டி எப்ப முந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது, தூசிதான் தெரியும். ஜனங்க முதல்ல சிரிக்கிறதை நிறுத்தினாங்க, அப்புறம் வர்றதை நிறுத்தினாங்க. பெரிய ஊர் டிராக்குல இடம் கிடைச்சதும் டாக்டரும் போயிட்டார். மைதானத்துல இப்போ குடோன் நிக்குது. ரிவர்ஸ் மாஸ்டர் மகளோட இருக்க வெளியூர் போயிட்டார். ஹாரன்காரருக்குக் காது கேக்கிறதில்ல, அதனால ஹாரனும் அடிக்கிறதில்ல.

நான் அந்த சீட்டைத் திரும்ப மாட்டிட்டேன், ஸ்கூலுக்கு வேணுமே. இப்ப வாத்தியாரா நானே அதுல உட்கார்ந்துதான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். ஆனா வீட்டுக்குத் தனியா ஓட்டிட்டு வர்றப்போ, வளைவு வந்தா என் கால் பிரேக்குக்குப் போகாம ஒரு நிமிஷம் சும்மா இருக்குது. நீ பார்த்துக்குவேன்னு நினைச்சுக்குது போல. போன மாசம் பால் வண்டி மேல லேசா இடிச்சதுக்குக் காரணம் இதுதான், உன் அக்காகிட்ட வெயில் கண்ணுல பட்டுச்சுன்னு சொல்லியிருக்கேன், காட்டிக் குடுத்துடாதே.

ஆகவே, கிளப் என்று எதுவும் இங்கே இல்லை. மைதானம் இல்லை, ஆள் இல்லை, பார்க்கக் கூட்டமும் இல்லை. நிரந்தர வேலை கிடைப்பது சாதாரண விஷயமா? யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு, அங்கேயே வீடு வாசல் பார்த்து, நன்றாக இரு. குளிருக்குக் கதகதப்பாகத் துணி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலமும் பெற்று நீ சிறப்பாக வாழ எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பால் வண்டி சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான். அவள் எல்லாம் கேட்டுவிட்டு, "இதை அனுப்பிட்டு அப்புறம் ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டு இருக்கப் போறது யாரு, நீங்களா நானா?" என்று கேட்டாள். மறுபடி பேனாவை எடுத்துவிட்டேன். மச்சான், கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தாலும் பரவாயில்லை, மன்னிப்புக் கேட்டுட்டு வா. கிளப் எல்லாம் ஒரு சாக்குடா. எனக்கு இந்த ஊர்ல சிரிக்க ஆள் இல்ல.